இம்ஃபொலோஸி காட்டில் ஐந்து நாள்: தோள்பையில் துப்பாக்கி எதற்கு?

புறப்பாட்டுக்கு முந்தைய நாள், டர்பன், தென்னாப்பிரிக்கா

நாளை விடியற்காலை ஐந்து மணிக்குச் சாட்ஸ்வர்த்திலிருந்து கிளம்புகிறோம். ஏழு பேர், இரண்டு வண்டி. ஷ்லுஷ்லுவே–இம்ஃபொலோஸி பூங்காவின் தெற்குப் பாதியில் ஐந்து நாள் நடை. கூடாரம் கிடையாது. சுமை முழுக்க முதுகில். காட்டுக்குள் கைபேசிக்கும் இடமில்லை. அதனால் அங்கே நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதைத் திரும்பி வந்தபின் நாளுக்கு ஒன்றாக இங்கே போடுவோம்.

இந்த நடையைப் பற்றிச் சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "துப்பாக்கி கொண்டு போறீங்களாண்ணே?" டர்பனில் இது வியப்பான கேள்வி இல்லை. வீட்டுப் பெட்டகத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் நம் குடும்பங்கள் நிறைய. கதவுக்கு வெளியே வரும் திருடனுக்கே அது வேண்டுமென்றால், சிங்கம் திரியும் காட்டுக்கு வேண்டாமா என்று கேட்பது இயல்புதான். எங்கள் பதில்: வேண்டாம். காரணங்களை நடக்கிற வரிசையில் சொல்கிறோம்.

முதலில் சட்டம். 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2004 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 84ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுக்க மறைந்திருக்க வேண்டும். எப்போதும் உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். உடம்பில் இல்லாத நேரத்தில் அதற்குரிய இடம் பூட்டிய இரும்புப் பெட்டகம். ஆற்று மணலில் படுத்துத் தூங்கும் நடையில் பெட்டகம் ஏது? குளிக்க இறங்கும்போது யாரிடம் கொடுப்பீர்கள்? அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸோ சட்டப்படியான அனுமதியோ இல்லாத நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போனாலே குற்றம். தொலைந்துபோனால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். காட்டுக்குள்ளிருந்து அதற்கு வழியே இல்லை.

இதற்கு மேல் பூங்காவுக்கென்று தனி விதி. காப்புக்காட்டுக்குள் ஆயுதம் கொண்டுபோக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வீட்டு லைசென்ஸைக் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். வண்டியில் துப்பாக்கியோடு வருபவர் வாசலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விருந்தாளிகளை அழைத்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: வெளிநாட்டவருக்கான தற்காலிக இறக்குமதி அனுமதி, தென்னாப்பிரிக்கப் போலீஸின் எஸ்ஏபிஎஸ் 520 படிவம், வேட்டைக்கும் போட்டிக்கும்தான். 'தற்காப்புக்கு' என்று எழுதினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இனி எடை. ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி, நிறைத்த மேகசின், உறை எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும். எங்கள் பை ஆளுக்குப் பதினைந்து கிலோ. அந்த ஒரு கிலோ இருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் வைத்திருப்பவை: கூடுதலாக அரை லிட்டர் தண்ணீர், 10 செ.மீ. அகல இறுக்கு பேண்டேஜ் மூன்று, தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி, விசில், உண்ணி எடுக்கும் நுனி கூரான இடுக்கி, வாய்வழி உப்புக் கரைசல் பொட்டலம் ஆறு. சாப்பாடு நடையை நடத்துபவர்களே தருவது. புரட்டாசி ஆனதால் சைவம் மட்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டோம். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் நம் வீட்டுச் சரக்கு. இறைச்சி இல்லாதது கழுதைப்புலி விஷயத்தில் ஓரளவு நல்லதுதான். ஆனால் வாசனை எதுவானாலும் அது வந்து பார்க்கும். புளிக்காய்ச்சலையும் இரண்டு உறை போட்டுக் கட்டியிருக்கிறோம்.

முதல் நாள்: ந்யாலாஸி வாசல்

என்2 சாலையில் வடக்கே ம்டுபாடுபா வரை, அங்கிருந்து ஆர்618. டர்பனிலிருந்து மூன்றரை மணி நேரம். சாலையில் மாடு நிற்கும், இருட்டில் ஓட்டாதீர்கள்.

1895இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட நிலம் இது. ஏறத்தாழ 96,000 ஹெக்டேர். கறுப்பு இம்ஃபொலோஸி, வெள்ளை இம்ஃபொலோஸி ஆகிய இரண்டு ஆறுகளும் கூடும் இடம் ஜூலு மன்னர் ஷாகாவின் வேட்டைக்களமாக இருந்தது. உலகத்தில் இன்று எங்கே தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் இருந்தாலும் அதன் வம்சம் இந்த ஆற்றங்கரையிலிருந்து போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நூறுக்கும் குறைவாக இங்கே மட்டும் மிஞ்சியவை அவை. நடைப்பயணம் என்பதும் இங்கேதான் 1959இல் தொடங்கியது. இங்கே காவலர்களாக இருந்த இயன் பிளேயரும் மக்குபு ந்டோம்பேலாவும் அதை நடத்தினார்கள். வழிகாட்டி கையில் ரைஃபிள், பின்னால் வருபவர் கையில் ஒன்றும் இல்லை என்ற முறை அன்றிலிருந்து மாறவில்லை.

வாசலில் பதிவேட்டில் எழுதும்போது 'ஆயுதம் உண்டா' என்று கேட்கிறார்கள். சம்பிரதாயக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். 2023இல் தென்னாப்பிரிக்காவில் கள்ளவேட்டையில் செத்த காண்டாமிருகங்கள் 499. அதில் 307 இந்த ஒரே பூங்காவில். கள்ளவேட்டைக்காரர்களுக்கு எதுவும் கிடைக்காதபடி 2024 ஏப்ரலில் இங்கே காண்டாமிருகங்களின் கொம்பை அறுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு இறந்தவை 198. குறைந்தது, ஆனாலும் 198. இந்தப் புதரில் துப்பாக்கியோடு ஒருவர் தென்பட்டால் ரோந்துக்காரர்கள் அவரை என்னவென்று நினைப்பார்கள்? இருட்டில், நூறு மீட்டர் தூரத்தில், உங்கள் லைசென்ஸ் அட்டை யார் கண்ணுக்கும் தெரியாது. ரேஞ்சர்கள் சுடப்பட்டுச் செத்த காடுகள் உள்ள நாடு இது. சிங்கத்தை விடுங்கள், துப்பாக்கி வேண்டாம் என்பதற்கு எங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ம்பிலா முகாமில் வண்டியை நிறுத்திவிட்டுப் பை சரிபார்த்தார்கள். வெள்ளை, சிவப்பு, மஞ்சள் சட்டைகளைத் திரும்ப வண்டியில் வைக்கச் சொன்னார்கள். பாட்டில் பையில் மோதிச் சத்தம் போடுகிறதா என்று ஒவ்வொருவரையும் குதிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மாலையில் நான்கு கிலோமீட்டர் நடந்து ஆற்றங்கரை.

இரண்டாம் நாள்: முன்னால் போகும் இரண்டு ரைஃபிள்

வழிகாட்டிகள் இரண்டு பேர். இருவரும் வரிசையின் முன்னால்தான் போகிறார்கள். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் போனால்தானே பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் பின்னால் இருப்பவர் சுட வேண்டி வந்தால் இடையில் ஏழு முதுகு நிற்கும். முன்னால் இருவரும் இருந்தால் குழாய்க்கு எதிரே மனிதர் யாரும் இல்லை. தோள்பையில் துப்பாக்கியோடு மூன்றாவதாகவோ ஐந்தாவதாகவோ வருபவருக்கு முன்னால் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். அவர் பதறி எடுத்தால் முதலில் ஆபத்து அவர்களுக்குத்தான்.

ஓய்வில் வழிகாட்டிகளில் பெரியவர் ஒரு தோட்டாவைக் கையில் கொடுத்தார். .458 வின்செஸ்டர் மேக்னம். உள்ளங்கையில் குறுக்கே வைத்தால் சுண்டுவிரல் அடியிலிருந்து கட்டைவிரல் அடிவரை நீள்கிறது. 85 மி.மீ. நீளம், பித்தளை உறையின் அடியில் ஒரு பட்டை வளையம், முனை உருண்டை, தேய்த்த செம்பு நிறம். முனை மட்டுமே 500 கிரெய்ன், அதாவது 32 கிராம். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா மொத்த நீளமே 30 மி.மீ., அதன் முனை 8 கிராம் அளவு. சக்தியில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பெரிய விலங்குகள் உள்ள இடத்தில் வழிகாட்டிகளுக்கு .375 அளவே குறைந்தபட்சம் என்பது இங்கே வழக்கம்.

அளவு மட்டும் இல்லை. அந்த முனை விரியாத, கெட்டியான வகை. யானையின் மண்டை எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். அதைத் துளைத்து நேராக மூளைக்குப் போக வேண்டும். வீட்டுப் பாதுகாப்புத் தோட்டா இதற்கு நேர்மாறாகச் செய்யப்படுவது. சுவருக்கு அப்பால் போய் இன்னொருவரைத் தாக்கக் கூடாது என்பதால் பட்டதும் விரிந்து நின்றுவிடும். எருமைத் தோலிலும் தசையிலும் அது நின்றால் எருமை சாகாது, வலியோடு வரும். பிறகு அந்தக் காயம்பட்ட எருமையைப் புதருக்குள் தேடிப் போக வேண்டியவர் ரேஞ்சர். அவர் வேலையிலேயே மிக ஆபத்தான வேலை அதுதான்.

அடுத்து நேரம். கறுப்புக் காண்டாமிருகம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், நொடிக்கு 14 மீட்டர். நாற்பது மீட்டரிலிருந்து கிளம்பினால் மூன்று நொடிக்குள் உங்களிடம். பையின் இடுப்புப்பட்டை இறுக்கியிருக்கும் இடத்தில்தான் உறையும் இருக்கும். பட்டையைத் தளர்த்தி, சட்டையை விலக்கி, எடுத்து, குறி பார்த்து? பைக்குள் வைத்திருப்பவர் பைக்குள்ளேயே விட்டுவிடலாம். வழிகாட்டிக்கு ரைஃபிள் ஏற்கெனவே கையில். பதிவு பெற்ற நடை வழிகாட்டி ஆவதற்கான சுடுதேர்வில், தன்னை நோக்கி ஓடிவரும் சிங்கப் படத்தைச் சில நொடிக்குள் சுட வேண்டும். கண்ணைக் கட்டித் தோட்டா நிரப்பச் சொல்வார்கள். சிக்கிய தோட்டாவை எடுக்கச் சொல்வார்கள்.

இவ்வளவு தேர்ச்சி பெற்ற கை அந்த ரைஃபிளை உயர்த்தாமலேயே நாளை முடிப்பதுதான் திறமை. இன்று பார்த்ததில் மிகவும் பிடித்த கருவி ஒரு துணி முடிச்சு. பழைய காலுறையின் முனையில் சலித்த விறகுச் சாம்பல். விரலால் ஒரு தட்டு தட்டினால் திருநீறு மாதிரி மெல்லிய புகையாக இறங்கி, காற்று எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். காண்டாமிருகத்துக்குக் கண் மட்டம், மூக்கும் காதும் கூர்மை. சாம்பல் நம் முகத்தை நோக்கி வந்தால் முன்னே போகலாம். நம்மைத் தாண்டி விலங்கின் பக்கம் போனால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு. இன்னொன்று காது: சிவப்பு அலகுள்ள ஆக்ஸ்பெக்கர் குருவி புதருக்குள்ளிருந்து 'ட்ஸ்ஸ்' என்று சீறினால், அது உட்கார்ந்திருக்கும் விலங்கின் முதுகு அங்கே இருக்கிறது. அந்த ஒலிக்கு இன்று மூன்று முறை நின்றோம். இரண்டு முறை எருமை. ஒரு முறை வெள்ளைக் காண்டாமிருகம், குட்டியோடு. அறுத்த கொம்பின் தட்டையான அடி தெரிந்தது. அறுபது மீட்டர் விலகிப் போனோம்.

மூன்றாம் நாள்: என்ன வந்தால் என்ன செய்வது

இன்று ஒன்பது கிலோமீட்டர், இரண்டு முறை ஆற்றைக் கடந்தோம்.

வழிகாட்டிகள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறோம். எல்லாவற்றுக்கும் முதல் விதி: ஓடாதே, வழிகாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒன்றுகூடு, அவர் சொல்வதை மட்டும் செய். சிங்கம் வந்தால் நிற்க வேண்டும். முகத்தைத் திருப்பக் கூடாது. உறுமி, வாலை அடித்து, பத்து இருபது மீட்டரில் நின்றுவிடும் பாய்ச்சல்தான் பெரும்பாலும். அது நின்றபின் ஓரடி ஓரடியாகப் பின்வாங்க வேண்டும். அது திரும்ப அசைந்தால் நாம் திரும்ப நிற்க வேண்டும். யானை காதை விரித்து, தலையை உயர்த்தி, பிளிறினால் மிரட்டுகிறது. காதை ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்தால் மிரட்டல் இல்லை. கறுப்புக் காண்டாமிருகத்துக்கும் எருமைக்கும் மரம்: இரண்டு மீட்டர் ஏறினால் போதும், ஏற முடியாவிட்டால் தடித்த அடிமரத்துக்குப் பின்னால். ஆகவே நடக்கும்போதே 'அடுத்த மரம் எது' என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இங்கே பாதி மரம் முள்மரம். ஏறும்போது வலி தெரியாது, இறங்கும்போது தெரியும் என்றார் பெரியவர். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்காதீர்கள். முதலைக்கு எந்தத் துப்பாக்கியும் உதவாது, அது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கரையிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தெளிவான, முழங்காலுக்குக் கீழான மணல் துறையில் மட்டும் கடக்க வேண்டும், சேர்ந்து, நிற்காமல்.

இதில் எந்தச் சூழலிலும் இடுப்புத் துப்பாக்கிக்கு ஒரு வேலை வருகிறதா என்று மதிய ஓய்வில் ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தோம். ஒன்றிலும் வரவில்லை. வருவது வேறு: துப்பாக்கி இருக்கிறது என்ற தைரியம். அது அறுபது மீட்டரை நாற்பதாக்கும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு என்பது தெரியும். 2010 பிப்ரவரி 22 முதல் அங்கே தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டில் துருவக் கரடியை விரட்டும் சாதனம் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது. அங்கெல்லாம் வழிகாட்டி இல்லாமல் நடக்கிறார்கள். ஆனால் அமெரிக்கக் கரடிக் காடுகளிலும் அனுபவசாலிகள் முதலில் சொல்வது மிளகாய்த் தெளிப்பான். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்தவற்றை ஆராய்ந்தபோது, பழுப்புக் கரடியின் ஆகாத நடத்தையை அது 92 விழுக்காடு தடுத்திருந்தது. அதை வாங்கி இங்கே கொண்டுவரலாமா என்று கேட்காதீர்கள். எருமைக் கூட்டத்துக்கு முன் அதை நம்பி நிற்க இங்கே யாரும் சொல்லித் தருவதில்லை.

மூன்றாம் இரவு: காவல்

இரவில் எட்டு மணி முதல் விடியும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஏழு பேர், ஆளுக்கு 80 நிமிடம். நெருப்பு சின்னதாக இருக்கும், இரண்டு கையகலம். பெரிய நெருப்பு கண்ணைக் கூசவைத்து அப்பால் இருட்டை மேலும் இருட்டாக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, நெருப்புக்கு முதுகு காட்டி, டார்ச்சைக் கண் உயரத்தில் பிடித்து மெதுவாக ஒரு வட்டம். கண்கள் ஒளிர்ந்தால் எண்ணிக்கை, உயரம், நகர்கிறதா என்று பாருங்கள். தள்ளி நிற்பது இம்பாலா மான். வளைய வளைய வருவது கழுதைப்புலி. விறகு ஒன்றை நெருப்பில் போட்டு நிமிர்ந்து நின்றாலே விலகும். நெருங்கி வந்துகொண்டே இருந்தால் வழிகாட்டியின் காலைத் தொட்டு எழுப்புங்கள், கத்தாதீர்கள்.

எங்களுக்குத் துப்பாக்கியை நினைத்தாலே உடல் நடுங்கும் நேரம் இந்த இரவுதான். தூக்கத்திலிருந்து எழுந்தவர் ஒருவர், இருட்டில் அசைவு, கையில் ஆயுதம். ஆனால் அந்த அசைவு சிறுநீர் கழிக்கப் போய்த் திரும்பும் அடுத்த பாய்க்காரர். அதற்காகத்தான் இங்கே விதி: எழுந்து போவதானால் காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போ, தலைவிளக்கு எரியட்டும், நெருப்பு கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு அப்பால் போகாதே.

நான்காம் நாள்

வெயில். பதினோரு மணிக்கே நடையை நிறுத்திவிட்டு அத்திமர நிழலில் மூன்று மணி வரை. ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊறும் தண்ணீர் ஓடும் தண்ணீரைவிடத் தெளிவு. கொதிக்க வைத்துத்தான் குடித்தோம்.

இந்த நடையில் உண்மையிலேயே கடிப்பது உண்ணி. கடுகு அளவுக் குட்டி உண்ணிகள் சாக்ஸ் விளிம்பிலும் இடுப்புப் பட்டையிலும். நாளுக்கு இரண்டு முறை ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். திரும்பி வந்து ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல், தலைவலி, நடுவில் கறுத்த பொருக்கோடு ஒரு கடி இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்.

பையில் வைத்த இறுக்கு பேண்டேஜ் எதற்கு என்றால்: அது மாம்பா என்ற நச்சுப்பாம்பின் கடிக்கு, கை கால் முழுவதும் சுற்றி அசையாமல் கட்ட. பஃப் ஆடர் என்ற விரியன் கடித்தால் அப்படிக் கட்டக் கூடாது, சதை மேலும் அழுகும். இரண்டுக்கும் மருந்து மருத்துவமனையில்தான். தெரியாத பாம்பானால் வழிகாட்டி சொல்கிறபடி.

ஐந்தாம் நாள்: ம்பிலா, பிறகு மலையைப் பற்றி

காலையில் ஆறு கிலோமீட்டர் நடந்து வண்டிக்கு வந்தோம். ஐந்து நாளில் இரண்டு ரைஃபிளும் கையை விட்டு இறங்கியது ஓய்வுக்கும் தூக்கத்துக்கும் மட்டும்.

கைபேசியைத் திறந்ததும் வந்து கிடந்த செய்திகளில் ஒரு நல்ல கேள்வி: "இங்கே ரேஞ்சர் இருக்கிறார், சரி. டிராகன்ஸ்பர்க் மலையில் நாமேதானே போகிறோம், அங்கே கொள்ளையடிக்கிறார்களே, அங்கேயாவது?" அங்கே விலங்கு பயமில்லை, மனிதர் பயம்தான். மேல்விளிம்பில் கஞ்சா, திருட்டு மாடு கடத்தும் வழிகள் இருக்கின்றன. கூடாரத்தில் பூட்ஸும் தூக்கப்பையும் பறிபோனவர்கள் உண்டு.

அங்கேயும் எங்கள் பதில் அதேதான். மேல்விளிம்பை ஒட்டித்தான் லெசோதோ எல்லை. வசதியான கூடாரமிடங்கள் பல எல்லைக்கு அந்தப் பக்கம். தென்னாப்பிரிக்க லைசென்ஸ் அங்கே செல்லாது. பத்தடி தள்ளிக் கூடாரம் போட்டதற்கு இன்னொரு நாட்டில் ஆயுத வழக்கு வரலாம். வருபவர்கள் நாலைந்து பேர், இரவில், நீங்கள் தூக்கப்பைக்குள் ஜிப் போட்டுக் கிடக்கிறீர்கள். பையில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் அவர்களுக்கு அதைவிட விலையான பொருள் வேறு எதுவும் இல்லை.

அதற்குப் பதில் செய்ய வேண்டியது: மூவருக்குக் குறையாமல் போங்கள். கூடாரத்தைப் பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத மடிப்பில், பொழுது சாயும்போது போடுங்கள். பிரகாசமான நிறம் வேண்டாம். பூட்ஸும் அடுப்பும் உள்ளே, காலடியில். கேட்டால் கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும், செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியும் உடம்போடு இருக்கட்டும். ஏறும் முன் அடிவாரத்து மலைப் பதிவேட்டில் பாதை, இரவு தங்கும் இடங்கள், திரும்பும் நாள், கூடாரத்தின் நிறம், ஊரில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முழுக்க எழுதுங்கள். இறங்கியதும் அதே பதிவேட்டில் திரும்பிவிட்டதாகக் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் உங்களைத் தேடி ஆள் கிளம்பிவிடும்.